ஐ.என்.ஆர். என்னும் எண்ணை எப்படி வாசிப்பது?

இதய வால்வு மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவர் லேபில் ரத்தம் கொடுத்து வாங்கிவரும் தாளில் ‘ஐ.என்.ஆர். 2.8’ என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். பக்கத்திலேயே ‘இயல்பு அளவு 0.8 – 1.2’ என்றிருக்கும். சில லேப்கள் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றையும் போட்டுவிடும். சர்க்கரை, கொழுப்பு அறிக்கைகளைப் பார்த்துப் பழகிய வீட்டார் அந்த அம்புக்குறியைக் கண்டதும் பதறிப்போகிறார்கள். அன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. உண்மையில் பெரும்பாலான வால்வுக்காரர்களுக்கு 2.8 நல்ல எண். அதே தாளில் 1.1 என்று வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது அம்புக்குறி இருக்காது, எழுத்து தடிக்காது, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தாள் காட்டும். ஆனால் வால்வின் மேல் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் ஆபத்து அப்போதுதான் அதிகம்.

அச்சிட்ட இயல்பு அளவு, மருந்து எடுக்காதவருக்கு உரியது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மருந்து எதற்காக, இதற்கு முந்தைய சோதனைகளில் என்ன வந்தது, இடையில் உடம்பிலும் உணவிலும் மற்ற மருந்துகளிலும் என்ன மாறியது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. தமிழில் இதுபற்றிக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ‘கீரை சாப்பிடாதே’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது. விஷயம் அதைவிடப் பெரியது.

முதலில் சோதனை. ரத்தக் குழாய் காயப்படும்போது உறைதல் காரணிகள் என்ற புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, முடிவில் ஃபைப்ரின் என்ற நூல் வலையை உண்டாக்குகின்றன. இந்தத் தொடர் ஓட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் நடத்தி, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்க்கும் முறையை 1935-ல் அமெரிக்கரான ஆர்மண்ட் குவிக் வகுத்தார். கால்சியத்தைக் கட்டிப்போட்டு உறையாமல் வைத்திருக்கும் பிளாஸ்மாவில், த்ராம்போபிளாஸ்டின் என்ற தூண்டுபொருளையும் கால்சியத்தையும் சேர்த்து நேரத்தை அளப்பதுதான் அது. அறிக்கையில் ‘புரோத்ராம்பின் டைம்’ அல்லது ‘பி.டி.’ என்று வருவது இதுவே. மருந்து எடுக்காதவருக்குச் சுமார் 11 முதல் 13 நொடிகள் ஆகும். கல்லீரல் செய்யும் காரணிகளில் 2, 7, 9, 10 ஆகிய நான்கும் முழுமையடைய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரினும், நம் ஊரில் ‘அசிட்ரோம்’ என்ற பெயரில் அதிகம் தெரிந்த அசெனோகூமராலும், பயன்படுத்திய வைட்டமின் கே-யைக் கல்லீரல் மீண்டும் புதுப்பித்துக்கொள்வதைத் தடுக்கின்றன. காரணிகள் அரைகுறையாக உருவாகின்றன. உறையும் நேரம் நீள்கிறது. ரத்தத்தின் அடர்த்தி இதனால் மாறுவதில்லை, ஹீமோகுளோபினும் குறைவதில்லை. இந்த மருந்துக் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டதிலும் இதே சோதனைக்குப் பங்கு உண்டு. கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்த காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கார்ல் பால் லிங்க் குழு, குவிக்கின் முறையைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டு, முயல் ரத்தத்தில் நேரத்தை அளந்துதான் தீவனத்திலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-ல் எலிகளுக்கான நஞ்சாக வந்து, 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது.

நொடிகள் இருக்கும்போது ஐ.என்.ஆர். ஏன் வந்தது? சிக்கல் தூண்டுபொருளில் இருந்தது. த்ராம்போபிளாஸ்டினை முயல் மூளையிலிருந்தும் மனித மூளையிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கூர்மையில் வேலை செய்தது. கூர்மை மிகுந்த பொருளில் ஒரே ரத்தம் 36 நொடி எடுக்கும், மழுங்கிய பொருளில் 18 நொடியில் உறைந்துவிடும். ‘இயல்பைப்போல் இரண்டு மடங்கு நீள வேண்டும்’ என்று மருத்துவர் குறி வைத்தால், மழுங்கிய பொருளைப் பயன்படுத்தும் லேபின் நோயாளிக்கு மிக அதிக மாத்திரை போய்ச் சேரும். வட அமெரிக்காவில் பல ஆண்டுகள் இதுதான் நடந்தது. கனடாவின் ஹாமில்டனில் 1982-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைப் பட்டவர்த்தனமாக்கியது. தொடை நரம்பில் ரத்தம் உறைந்த 96 பேரை இரு பிரிவாக்கினார்கள். வழக்கமான வட அமெரிக்கக் குறியளவில் மருந்து பெற்ற 49 பேரில் 11 பேருக்கு ரத்தக்கசிவு. கூர்மையான தூண்டுபொருளால் அளந்து குறைந்த மருந்து பெற்ற 47 பேரில் இருவருக்கு மட்டுமே கசிவு. உறைவு திரும்ப வருவதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆக, இத்தனை காலமும் கசிந்த ரத்தத்தில் பெரும்பகுதி அளவுகோலின் கோளாறால் கசிந்தது.

இதற்குத் தீர்வாக உலக சுகாதார நிறுவனம் 1983-ல் ஏற்றுக்கொண்டதே ஐ.என்.ஆர். முறை. ஒவ்வொரு தூண்டுபொருளையும் உலகத் தரப் பொருளோடு ஒப்பிட்டு அதற்கு ஐ.எஸ்.ஐ. என்ற எண் தரப்படுகிறது. தரப் பொருளின் ஐ.எஸ்.ஐ. ஒன்று, மழுங்க மழுங்க அது ஏறும். நோயாளியின் நொடியை, குறைந்தது 20 நலமான ஆட்களிடம் எடுத்த சராசரி நொடியால் வகுத்து, வரும் விகிதத்தை ஐ.எஸ்.ஐ. அடுக்குக்கு உயர்த்தினால் ஐ.என்.ஆர். கிடைக்கும். நோயாளிக்கு 24 நொடி, சராசரி 12 நொடி என்றால் விகிதம் 2. ஐ.எஸ்.ஐ. 1.0 என்றால் ஐ.என்.ஆர். 2.0. அதே விகிதம் ஐ.எஸ்.ஐ. 1.2-ல் 2.3 ஆகும், 1.4-ல் ஏறக்குறைய 2.6 ஆகும். நொடிக்கணக்கை ஒரு லேபுக்கும் இன்னொரு லேபுக்கும் ஒப்பிடுவதில் பயனில்லை என்பது இதிலிருந்து விளங்கும். புதிய தூண்டுபொருள் பெட்டியைப் பிரித்த லேப், அதன் ஐ.எஸ்.ஐ.யைக் கருவியில் மாற்ற மறந்தால் அன்று வரும் எல்லா அறிக்கையும் பிழையாகும் என்பதும் விளங்கும். ஐ.எஸ்.ஐ.யையும் சராசரி நொடியையும் அறிக்கையில் அச்சிடும் லேப் தன் கணக்கைத் திறந்து வைக்கிறது. அப்படிப்பட்ட லேப் ஒன்றைத் தேர்ந்து, முடிந்தவரை மாற்றாமல் அங்கேயே போவது நல்லது. சில அறிக்கைகளில் இன்னும் ‘புரோத்ராம்பின் இண்டெக்ஸ்’ என்று ஒரு சதவீதம் இருக்கிறது. மாத்திரை எடுப்பவர் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த அடுக்குக் கணக்கு யாரை வைத்துச் சரிபார்க்கப்பட்டது என்பது முக்கியமானது. வைட்டமின் கே-யைத் தடுக்கும் மருந்தை நிலையாக எடுத்துவருபவர்களின் ரத்தத்தை வைத்துத்தான். அந்த வட்டத்துக்கு வெளியே போனால் எண்ணின் நம்பகம் குறையும். மாத்திரை தொடங்கிய முதல் சில நாட்கள் அப்படிப்பட்டவை. ஏழாம் காரணியின் அரை ஆயுள் ஏறக்குறைய 6 மணி நேரம். அது முதலில் வற்றுவதால் இரண்டு மூன்று நாளில் ஐ.என்.ஆர். ஏறிவிடும். ஆனால் உறைவைத் தடுப்பதில் பெரும்பங்கு வகிக்கும் இரண்டாம் காரணிக்கு இரண்டரை முதல் மூன்று நாள் அரை ஆயுள். எண் ஏறியிருக்கும், காப்பு இன்னும் வந்திருக்காது. அதனால்தான் நரம்பில் உறைவு வந்தவருக்கு ஹெப்பாரின் ஊசியைக் குறைந்தது 5 நாள், ஐ.என்.ஆர். 2-ஐத் தாண்டி ஒரு முழு நாள் நிலைக்கும்வரை, சேர்த்தே போடுகிறார்கள். ‘எண்தான் வந்துவிட்டதே, ஊசி எதற்கு’ என்று கேட்டு வீட்டுக்குக் கிளம்புபவர்களுக்கு இதுதான் பதில். கல்லீரல் கெட்டவருக்கும் ஐ.என்.ஆர். ஏறும். ஆனால் உறைவைத் தடுக்கும் இயற்கைப் புரதங்களும் அவரிடம் சேர்ந்தே குறைந்திருப்பதால், மருந்தில்லாமலே அவருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று எண்ணக்கூடாது.

இனி இலக்கு. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறுக்கும், கால் நரம்பிலோ நுரையீரலிலோ வந்த உறைவுக்கும் 2 முதல் 3 வரை. அயோர்ட்டிக் இடத்தில் வைத்த இக்கால உலோக வால்வுக்கு, வேறு ஆபத்துகள் இல்லையென்றால், 2.5-ஐ நடுவாகக் கொண்ட அதே வீச்சு. மைட்ரல் இடத்து உலோக வால்வுக்கு 2.5 முதல் 3.5. குறிப்பிட்ட ஒரு வகை அயோர்ட்டிக் வால்வுக்கு மட்டும், ஆஸ்பிரினோடு சேர்த்து, 1.5 முதல் 2.0 போதும் என்று அமெரிக்காவில் அனுமதி உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கு உங்களுடையது அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் உள்ளவர்களை வைத்து 1996-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஐ.என்.ஆர். 2.0-ல் இருக்கும் பக்கவாத ஆபத்தோடு ஒப்பிட்டால் 1.7-ல் அது இரு மடங்கு, 1.5-ல் மூன்று மடங்குக்கு மேல். மறுபக்கம் 4-ஐத் தாண்டினால் மூளைக்குள் ரத்தக்கசிவு ஆபத்து செங்குத்தாக ஏறுகிறது. இந்த இரண்டு சரிவுகளுக்கும் இடைப்பட்ட குறுகிய வரப்பில்தான் நோயாளி ஆயுள் முழுதும் நடக்கிறார்.

நம் நாட்டில் இந்த வரப்பில் நடப்பவர்களில் பலர் இளையவர்கள். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்து, இருபதிலும் முப்பதிலும் அறுவைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, அறுவைச் செலவை எளியவர்களுக்கு எட்டும்படி ஆக்கியது. ஆனால் வால்வு மலிவானாலும் வாழ்நாள் ஐ.என்.ஆர். சோதனை கூடவே வருகிறது. சோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளுக்கு மாறிவிடலாமே என்று கேட்பது இயல்பு. உலோக வால்வுக்காரர்களிடம் டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு, உறைவும் கசிவும் இரண்டுமே கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2013-ல் அதன் முடிவு வந்தது. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனும் வந்த 4,500-க்கு மேற்பட்டோரை இந்தியா உள்ளிட்ட 24 நாடுகளில் தொடர்ந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-ல் வெளியானது. அதில் ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிடப் பழைய மாத்திரை எடுத்தவர்களிடம் மரணம் குறைவு. ஆகவே ஏழைகளின் இதய நோய்க்கு, தொல்லை மிகுந்த பழைய மருந்தே இன்றும் சிறந்தது. சோதனையை எளிதாக்கும் பொறுப்பு மருத்துவமனைகள் மேல் விழுகிறது.

எண் ஏன் ஆடுகிறது? கீரையைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடலாம். முருங்கைக்கீரையிலும் பசலையிலும் வைட்டமின் கே நிறைய உண்டு. ஒரு வாரம் தினமும் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கும், அடியோடு நிறுத்தினால் ஏறும். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால், மருத்துவர் அதற்கேற்ப மாத்திரையைப் பொருத்திவிடுவார். கீரையைத் தொடாமலே இருப்பவரின் எண்தான், ஒருநாள் விருந்தில் சாப்பிட்ட பொரியலுக்கே தடுமாறும்.

கீரையைவிட அதிகம் பயப்பட வேண்டியது மற்ற மாத்திரைகளுக்கு. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்குக் கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் ஆகியவை சில நாட்களிலேயே ஐ.என்.ஆரை ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோகக்கூடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் இங்கேதான் உயிரோடு விளையாடுகிறது. துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோனும் ஏற்றும். அதை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதன் செல்வாக்கு நீடிக்கும். காய்ச்சலும் வாந்தியும் சாப்பாடு இறங்காத நாட்களும் மருந்து எதுவும் சேராமலே எண்ணை உயர்த்தும். எதிர்த்திசையில் இழுப்பவற்றில் ரிஃபாம்பிசின் முதன்மையானது. காசநோய்க்கு ஆறு மாதம் இதை எடுப்பவருக்கு வார்ஃபரினை இரு மடங்கோ அதற்கு மேலோ கூட்டினால்தான் இலக்கு எட்டும். காசநோய் மருந்து முடிந்த மகிழ்ச்சியில் யாரும் வார்ஃபரினை நினைப்பதில்லை. கூட்டிய மாத்திரை அப்படியே தொடர, அடுத்த சில வாரங்களில் எண் எகிறும். காசநோய் மருந்தை நிறுத்தும் நாளிலிருந்து வாராவாரம் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும் என்பதைக் காசநோய்ப் பிரிவும் இதயப் பிரிவும் சேர்ந்தே நோயாளியிடம் சொல்ல வேண்டும். வலிமாத்திரைகளில் வேறொரு கண்ணி இருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை எண்ணைப் பெரிதாக அசைக்காமலே இரைப்பையைப் புண்ணாக்கி, தட்டணுக்களையும் முடக்கிக் கசியவைக்கும். ஐ.என்.ஆர். 2.5 என்று அழகாக இருக்கும்போதே மலம் கறுத்துப் போகலாம். பாராசிட்டமால் அவற்றைவிடப் பாதுகாப்பானது. ஆனால் தினம் 2 கிராமுக்கு மேல் சில நாட்கள் தொடர்ந்தால் அதுவும் எண்ணை ஏற்றும்.

மாத்திரையின் தன்மையும் கணக்கில் வர வேண்டும். வார்ஃபரினின் அரை ஆயுள் ஏறக்குறைய 40 மணி நேரம். அசெனோகூமராலுக்கு 8 முதல் 11 மணி நேரம். ஒரு வேளை மறந்தால் பின்னதில் எண் வேகமாக இறங்கும். இரண்டும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமமல்ல. கடையில் ஒன்று இல்லையென்று மற்றதை அதே அளவில் வாங்கிவரவே கூடாது.

இன்று மாற்றிய அளவின் முழு விளைவு தெரிய ஐந்தாறு நாளாவது ஆகும். எனவே நேற்று கூட்டியதற்கு இன்று சோதித்துப் பார்ப்பது வீண். நீண்டநாள் நிலையாக இருந்தவருக்கு ஒருமுறை மட்டும் எண் இலக்கைவிட 0.5-க்குள் ஏறியோ இறங்கியோ வந்தால், அதே அளவைத் தொடர்ந்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்கிறது 2012-ன் அமெரிக்க மார்புநோய் மருத்துவர் கல்லூரி வழிகாட்டி. சிறு அசைவுக்கெல்லாம் மாத்திரையை மாற்றினால் எண் ஊஞ்சலாடத் தொடங்கிவிடும். இங்கே பல நோயாளிகளின் குறிப்பேட்டில் 1.6, 4.1, 1.8, 3.9 என்று மாறி மாறி வருவதற்கு, நோயைவிட அவசரமான மாற்றங்களே காரணமாக இருப்பதைக் காணலாம். ஒரு சோதனையைவிட, மொத்த நாட்களில் எத்தனை சதவீதம் இலக்குக்குள் கழிந்தது என்பதே சிகிச்சையின் தரத்தைக் காட்டும். நெதர்லாந்தின் ரோசென்டால் 1993-ல் இதைக் கணக்கிடும் முறையைத் தந்தார். 65 முதல் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல கட்டுப்பாடு.

எண் மிக உயரும்போது என்ன செய்வார்கள் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். 4.5 முதல் 10 வரை, கசிவு எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் ஒன்றிரண்டு வேளையை நிறுத்திவைத்துச் சீக்கிரம் மறுபடி பார்ப்பார்கள். 10-ஐத் தாண்டினால் வாய்வழி வைட்டமின் கே தருவார்கள். கசிவு பெரிதாக இருந்தால் எண்ணுக்குக் காத்திருக்காமல், நரம்புவழி வைட்டமின் கே-யோடு உறைதல் காரணிச் செறிவையோ பிளாஸ்மாவையோ ஏற்றுவார்கள். இவை எல்லாம் மருத்துவர் செய்ய வேண்டியவை. வால்வுக்காரர் தானாக மாத்திரையை நாட்கணக்கில் நிறுத்துவது, கசிவுக்குப் பயந்து பக்கவாதத்தை அழைப்பதாகும்.

எதிர்பாராத எண் வந்தால் ரத்தம் எடுத்த விதத்தையும் சந்தேகிக்க வேண்டும். நீல மூடிக் குழாயில் 3.2 சதவீத சிட்ரேட் ஒரு பங்கு இருக்கும். அதில் ரத்தம் சரியாக ஒன்பது பங்கு சேர வேண்டும். குறியீட்டுக் கோடுவரை நிரம்பாத குழாயில் சிட்ரேட் மிஞ்சி, உறையும் நேரம் பொய்யாக நீளும். நரம்பு கிடைக்காத முதியவர்களிடமும் குழந்தைகளிடமும் இது அடிக்கடி நேர்கிறது. விரல் நுனியில் குத்தி வீட்டிலேயே பார்க்கும் கருவிகள் பயனுள்ளவை, ஆனால் 4.5-க்கு மேல் காட்டினால் லேபில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மருத்துவமனையில் ஹெப்பாரின் சொட்டுசொட்டாக ஏறும்போது ஏ.பி.டி.டி. என்ற வேறொரு சோதனையைப் பார்க்கிறார்கள். வழக்கமாக இயல்பைப்போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு இலக்கு. எனாக்ஸபாரின் போன்ற சிறுமூலக்கூறு ஊசிகள் அதை அதிகம் அசைப்பதில்லை. கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, மிகுந்த உடல் எடை போன்ற தனி நிலைகளில் மட்டும் ஆன்ட்டி டென்-ஏ அளவு பார்க்கப்படுகிறது. அப்பிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகாட்ரான் எடுப்பவர்கள் மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லை, பார்த்தாலும் அந்த எண் மருந்தின் அளவைச் சொல்லாது. அப்பிக்ஸபான் முழு வேகத்தில் வேலை செய்யும்போதும் அது இயல்பாகவே இருக்கலாம். அவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது கிரியாட்டினினும் ஹீமோகுளோபினும். பல் பிடுங்கும் முன்பு இன்றும் எழுதித்தரும் ‘பி.டி., சி.டி.’ இணையில் வரும் பி.டி., புரோத்ராம்பின் டைம் அல்ல. தோலில் சிறு காயமிட்டுக் கசிவு நிற்கும் நேரத்தை அளப்பது. இந்த இணை இயல்பாக வந்தாலும் வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியாது. பல் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லி ஐ.என்.ஆர். கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் வால்வின் வகை, இலக்கு எண்கள், எத்தனை நாள் மருந்து என்ற மூன்றையும் நோயாளி படிக்கும் மொழியில் எழுதுவதை ஒவ்வொரு மருத்துவமனையும் கட்டாயமாக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் தாளில் அது இல்லையென்றால், அடுத்த முறை போகும்போது கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதி, எண், வாரத்துக்கு மொத்த மில்லிகிராம், புதிதாகச் சேர்ந்த அல்லது நின்ற மருந்து ஆகியவற்றைக் குறித்துவாருங்கள். கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள் அதற்கு முன்பே இதய மருத்துவரைப் பாருங்கள். வார்ஃபரின் ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம்வரை கருவைப் பாதிக்கக்கூடும். தலையில் அடிபட்டாலோ, மலம் கறுத்தாலோ, திடீரென்று பேச்சு குழறினாலோ, முந்தைய ஐ.என்.ஆர். எத்தனை என்று தேடிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.